‘இவருக்கு ஏன் பக்கம் கொடுத்தீர்கள்?’: கருத்துப் பக்கப் புகார்கள் குறித்து வாசகர் கேள்வி – பதில்

நாளிதழ்களின் நடுப்பக்கத்திலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் யாருக்கு இடம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பத்திரிகை நெறிமுறையும் ஊடகச் சட்டமும் அறிந்த எங்கள் குழு பதில் தருகிறது. கேள்விகளில் இருந்த பத்திரிகை, சேனல் பெயர்களை நீக்கிவிட்டு, எழுதியவரின் ஊரை மட்டும் வைத்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இடஒதுக்கீட்டை எதிர்த்து ஒரு நாளிதழில் மாதக்கணக்கில் எழுதிவருகிறார். அவருக்கு ஏன் இடம் தருகிறார்கள் என்று பிரஸ் கவுன்சிலில் புகார் செய்யலாமா? (மதுரை)

அனுப்பலாம். ஆனால் ‘இவருக்கு ஏன் இடம்’ என்ற கேள்வியை மட்டும் கொண்டுபோனால் புகார் நிற்காது. யாரை எழுத வைப்பது, எந்தக் கோணத்துக்குப் பக்கம் ஒதுக்குவது என்பதெல்லாம் ஆசிரியரின் முடிவு. அச்சு ஊடகப் புகார்களை விசாரிக்கும் சட்டபூர்வ அமைப்பான இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறிகளும், பிரிட்டன் பத்திரிகைகளின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான இப்சோவும், நியூசிலாந்தின் மீடியா கவுன்சிலும் இதில் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. நியூசிலாந்து நெறி இன்னும் வெளிப்படை: கருத்துக் கட்டுரைக்கு உண்மை அடித்தளம் வேண்டும், சமநிலை கட்டாயமில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது.

2015 ஏப்ரலில் பிரிட்டனின் ‘தி சன்’ பத்திரிகையில் கேட்டி ஹாப்கின்ஸ், கடல் வழியே வரும் குடியேறிகளைக் கரப்பான்பூச்சிகளோடு ஒப்பிட்டு எழுதினார். ஐ.நா. மனித உரிமை ஆணையர் கண்டித்தார், புகார்கள் குவிந்தன. இப்சோ பாகுபாட்டுப் புகாரை ஏற்கவில்லை. அங்குள்ள பாகுபாட்டு விதி அடையாளம் காட்டக்கூடிய தனிநபருக்குத்தான் காவல், கூட்டத்துக்கு இல்லை. இது பெரிய ஓட்டை என்றே நாங்கள் நினைக்கிறோம். ஒரு மக்கள் கூட்டத்தையே இழிவுபடுத்தும் எழுத்து, ஒருவரை இழிவுபடுத்துவதைவிடப் பல மடங்கு பேரைக் காயப்படுத்துகிறது.

இந்த இடத்தில் நம் நெறி மேலானது. ஒருவரையோ ஒரு வகுப்பாரையோ சாதி சொல்லி அடையாளப்படுத்துவதைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும், அந்தச் சாதிக்கு இழிவான நடத்தையைச் சுமத்தும் இடத்தில் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும் என்று பிரஸ் கவுன்சில் நெறி சொல்கிறது. ஆகவே உங்கள் புகார் ‘யார் எழுதினார்’ என்பதிலிருந்து ‘எந்த வரி’ என்பதற்கு இறங்க வேண்டும். அந்த அதிகாரியின் கட்டுரைகளைப் பேனாவோடு மறுபடி படியுங்கள். இடஒதுக்கீடு கூடாது என்ற வாதத்தை விட்டுவிடுங்கள், அது அவருடைய கருத்து. ஒரு சமூகத்தின் திறமையையோ குணத்தையோ தாழ்த்தும் வரி இருக்கிறதா? சரிபார்க்கக்கூடிய எண்ணைத் தவறாகச் சொல்லியிருக்கிறாரா? அந்த விவகாரத்தில் தனக்குள்ள வழக்கையோ பதவியையோ மறைத்திருக்கிறாரா? பெயர் சொல்லித் தாக்கப்பட்டவரின் பதிலைப் பத்திரிகை போட மறுத்ததா? கருத்து எனக் குறிப்பிடாமல் செய்திப் பக்கத்தில் செய்தி போலவே போட்டார்களா? இவற்றில் ஒன்றாவது இருந்தால் உங்களிடம் புகார் இருக்கிறது.

‘கட்டுரையாளரின் சொந்தக் கருத்து’ என்று அடியில் போட்டுவிட்டால் பொய்யும் எழுதலாமா? (கோவை)

கூடாது. ‘இந்தத் திட்டம் மக்களுக்குக் கேடு’ என்பது கருத்து. ‘இந்தத் திட்டத்தால் மாவட்டத்தில் பாதி ரேஷன் கடைகள் மூடப்பட்டன’ என்பது சரிபார்க்கக்கூடிய தகவல், எந்தப் பக்கத்தில் வந்தாலும் தகவல்தான். ஊகத்தையும் கருத்தையும் உண்மையின் இடத்துக்கு ஏற்றக்கூடாது, மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது பிரஸ் கவுன்சில் நெறி.

இதைத் தெளிவாக்கிய தீர்ப்புகள் பிரிட்டனில் இருக்கின்றன. 2019 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராஃப்’ பத்தியில் போரிஸ் ஜான்சன், ஒப்பந்தமில்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதையே மக்கள் மற்ற வழிகளைவிட அதிகம் விரும்புவதாகக் கருத்துக்கணிப்புகளைச் சுட்டி எழுதினார். அது கிண்டலும் வீச்சும் கலந்த நடை, வாசகர்கள் அதைப் புள்ளிவிவர ஆய்வாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பத்திரிகை வாதாடியது. இப்சோ ஏற்கவில்லை. அவர் சொன்னதைத் தாங்கும் தரவு இல்லை என்று கண்டு, ஏப்ரலில் திருத்தம் வெளியிடச் சொன்னது. 2020 ஜூலையில் அதே பத்திரிகையில் ஊரடங்கை எதிர்த்த கட்டுரையில் டோபி யங், சாதாரண ஜலதோஷம் கொரோனாவுக்கு எதிரான இயற்கை எதிர்ப்புச் சக்தி தரலாம் என்றும், லண்டன் கூட்டு எதிர்ப்புச் சக்தியை நெருங்கிவிட்டிருக்கலாம் என்றும் எழுதியதற்கும் இதே கதி. 2021 ஜனவரியில் துல்லிய விதி மீறப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது.

இரண்டு வழக்கிலும் அந்த நபர்களுக்கு இடம் கொடுத்ததை யாரும் தவறென்று சொல்லவில்லை. ஊரடங்கை எதிர்த்து எழுதியதற்காகவும் திருத்தம் கேட்கவில்லை. குறிப்பிட்ட வாக்கியங்களே பிடிபட்டன.

படிப்படியாகச் சொல்லுங்கள்: யாருக்கு, எப்படி, எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும்? (திருச்சி)

முதலில் ஆசிரியருக்கு. இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஆசிரியரின் கவனத்துக்குக் கொண்டுபோனதற்கான கடித நகலும், பதில் வந்திருந்தால் அதுவும் பிரஸ் கவுன்சில் புகாரோடு இருக்க வேண்டும். விலக்கு அளிக்கும் அதிகாரம் கவுன்சில் தலைவருக்கு உண்டு, ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். கட்டுரையாளரை முகநூலில் கேள்வி கேட்டதும், இணையப் பதிப்பின் அடியில் பின்னூட்டம் போட்டதும் ஆசிரியருக்கு எழுதியதாகாது.

ஆசிரியர் பெயரையும் முகவரியையும் தேடி அலைய வேண்டாம். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் விவரம் ஒவ்வொரு பிரதியிலும் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். பல பதிப்புகள் கொண்ட நாளிதழ் என்றால் உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் வரியையே பாருங்கள். திருச்சிப் பதிப்பில் வந்த கட்டுரை சென்னைப் பதிப்பில் வேறு தலைப்போடு வந்திருக்கலாம், வராமலே போயிருக்கலாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். முதல் பத்தியில் தேதி, பதிப்பு, பக்க எண், தலைப்பு. இரண்டாவதில் நீங்கள் ஆட்சேபிக்கும் வாக்கியம், மேற்கோள் குறிக்குள், ஒரு எழுத்தும் மாற்றாமல். மூன்றாவதில் அது எப்படித் தவறு, அதற்கான ஆவணம் என்ன என்பது. அரசாணை என்றால் எண்ணும் நாளும், புள்ளிவிவரம் என்றால் எந்த அறிக்கையின் எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். நான்காவதில் நீங்கள் கேட்பது: திருத்தமா, உங்கள் மறுப்பா, கட்டுரையாளர் பற்றிய குறிப்பைச் சேர்ப்பதா? திருத்தம் என்றால் அதன் வாசகத்தை இரண்டு வரியில் நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘தகுந்த நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடியும் கடிதத்தை வைத்து ஆசிரியர் பிரிவில் யாரும் எதுவும் செய்ய முடியாது. மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் இரண்டு வழியாகவும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லை, அல்லது திருப்தியில்லை என்றால் புது தில்லி லோதி சாலையில் உள்ள சூச்னா பவனில் இயங்கும் பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. காலக்கெடு: நாளிதழ், வார இதழ், செய்தி நிறுவனம் என்றால் வெளிவந்த 2 மாதத்துக்குள், மற்றவற்றுக்கு 4 மாதம். அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கணக்கு தொடங்குவது கட்டுரை வந்த நாளிலிருந்து, ஆசிரியரின் பதில் வந்த நாளிலிருந்து இல்லை. ‘பரிசீலிக்கிறோம்’ என்ற பதிலை நம்பி 7 வாரம் காத்திருந்தவருக்கு மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு நாள்தான். ஆசிரியருக்கு 15 நாள் கொடுங்கள், அதைக் கடிதத்திலேயே எழுதுங்கள், 16-ஆம் நாள் கவுன்சிலுக்கான புகாரைத் தயாரிக்கத் தொடங்குங்கள். தாமதத்தைப் பொறுக்கும் அதிகாரம் தலைவருக்கு உண்டு, காரணம் சொல்ல வேண்டும். தொடர் கட்டுரை என்றால் கடைசிக் கட்டுரை மீது புகார் கொடுத்து, முந்தையவற்றை அதில் சுட்டிக்காட்ட விதி இடம் தருகிறது. மதுரை வாசகர் இதைக் கவனிக்கவும்.

இணைக்க வேண்டியவை: பத்திரிகையின் பெயர், முகவரி, ஆசிரியர், வெளியிடுபவர் விவரம், பக்கத்தின் மூலம் அல்லது நீங்களே சான்றொப்பமிட்ட நகல், தமிழ்க் கட்டுரை என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதம், எல்லா உண்மைகளையும் முன்வைத்திருக்கிறேன், இதே விவகாரம் எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை, பின்னால் வழக்கானால் தெரிவிப்பேன் என்ற உறுதிமொழி. உறுதிமொழி இல்லாத புகார் குறையுள்ள புகார். உங்களுக்கு எழுதித் திருத்தம் கேட்பார்கள், வாரங்கள் கரையும். மொழிபெயர்ப்பைச் சொல்லுக்குச் சொல் நேர்மையாகச் செய்யுங்கள். காரத்தைக் கூட்டி மொழிபெயர்த்தால், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டும், உங்கள் மற்ற வாதமும் அதோடு சாயும்.

புகார் ஏற்கப்பட்டால் ஆசிரியருக்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸ் போகும். அவர் பதில், உங்கள் மறுபதில் என்று போய், விசாரணைக் குழு நேரில் அழைக்கும். வக்கீல் கட்டாயமில்லை. போக முடியவில்லை என்றால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, வாதத்தை எழுத்தாகவே அனுப்புங்கள்.

எங்கள் சங்கத்தில் 300 பேர் தனித்தனியாகப் புகார் அனுப்பினால் வலு கூடுமா? (ஈரோடு)

வலு கூடிவிடாது. 2022 டிசம்பரில் பிரிட்டன் இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் மார்க்கிளைப் பற்றி ஜெரமி கிளார்க்சன் ‘தி சன்’ பத்திரிகையில் எழுதியதற்கு இப்சோவுக்கு 25,000-க்கும் மேல் புகார்கள் வந்தன. 2023 ஜூன் தீர்ப்பு இரண்டு பெண்கள் அமைப்புகளின் புகாரை வைத்தே வந்தது. ஒரு தனிநபரைப் பாலின அடிப்படையில் இழிவுபடுத்தியது என்ற ஒரு அம்சம் நிரூபணமானது. துல்லியமின்மை, துன்புறுத்தல், இனப்பாகுபாடு என்ற மற்ற அம்சங்கள் அத்தனை பேர் எழுதியும் தள்ளுபடியாயின. 300 பேரும் சேர்ந்து ஆவணங்களைத் திரட்டுங்கள், ஒருவர் பெயரில் ஒரு புகார் போகட்டும்.

என் மீது குற்றச்சாட்டு சொல்லும் கட்டுரையைப் போட்டுவிட்டு, என் மறுப்பைப் போட மறுக்கிறார்கள். ‘எங்கள் கட்டுரை சரியானது’ என்கிறார் ஆசிரியர். (நாகர்கோவில்)

உங்களுடையது இந்த இதழுக்கு வந்த கேள்விகளிலேயே வலுவான புகார். பாதிக்கப்பட்டவர் அனுப்பும் மறுப்பைத் தாமதமின்றி, உரிய முக்கியத்துவத்தோடு, இலவசமாக, முழுதாகவோ சுருக்கியோ வெளியிட வேண்டும் என்பது பிரஸ் கவுன்சில் நெறி. நாங்கள் எழுதியது உண்மை என்று ஆசிரியர் நம்புவது மட்டுமே மறுப்பை ஒதுக்கக் காரணமாகாது, அதை வாசகர் தீர்மானிக்கட்டும் என்றும் அதே நெறி சொல்கிறது. மறுப்பின் கீழ் ஆசிரியர் குறிப்புப் போடலாம். ஆனால் கையில் உறுதியான ஆவணம் இருந்தால்தான், அதுவும் சுருக்கமாக. பத்திரிகையாளர் சந்திப்பு நடத்திவிட்டு ‘என் மறுப்பைப் போடவில்லை’ என்று சொல்ல முடியாது. மறுப்பு எழுத்தில் ஆசிரியருக்குப் போயிருக்க வேண்டும்.

மறுப்பை எழுதும்போது, தாக்கிய கட்டுரையின் நீளத்தைத் தாண்டாதீர்கள். குற்றச்சாட்டு ஒன்று, பதில் ஒன்று என வரிசையாகப் போங்கள். எழுதியவரின் நோக்கத்தைத் திட்டும் வரிகளை எடுத்துவிடுங்கள். ‘அவதூறான வாசகம், போட இயலாது’ என்று மறுக்க அந்த ஒரு வரியே போதும்.

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, அதில் சென்னைக்கும் தொடர்பு உண்டு. எல்.ஐ.சி. பாலிசிதாரர்களை நடத்தும் விதத்தை விமர்சித்து நுகர்வோர் உரிமை ஆர்வலர் மனுபாய் ஷா ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அது பற்றி ‘தி இந்து’வில் கட்டுரை வந்தது, எல்.ஐ.சி. தரப்பின் மறுப்பு வந்தது, ஷாவின் பதிலும் வந்தது. அந்த மறுப்பை எல்.ஐ.சி. தன் சொந்த இதழான ‘யோகக்ஷேம’விலும் போட்டது. ஷாவின் பதிலைப் போட மட்டும் மறுத்தது. 1992-ல் உச்ச நீதிமன்றம், எல்.ஐ.சி. அரசின் அங்கம், மக்கள் பணத்தில் நடத்தும் இதழில் ஒரு தரப்பை மட்டும் காட்டுவது நியாயமில்லை, அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. அரசு நிறுவனம், வாரியம், பல்கலைக்கழகம் நடத்தும் இதழ்களில் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுக்கலாம். தனியார் நாளிதழை இதைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது, அங்கே பிரஸ் கவுன்சில் நெறிதான் வழி. அமெரிக்காவில் இந்த அளவுக்கும் இடமில்லை. வேட்பாளரை விமர்சித்தால் அவர் பதிலைப் போட்டே ஆக வேண்டும் என்ற ஃபுளோரிடா மாநிலச் சட்டத்தை, ‘மயாமி ஹெரால்ட்’ வழக்கில் 1974-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்துவிட்டது.

ஆசிரியருக்குக் கடிதம் பகுதிக்கு எத்தனை எழுதியும் போடுவதில்லை. ஒரே தரப்புக் கடிதங்களே வருகின்றன. (சேலம்)

உங்கள் கடிதம் வரவில்லை என்பது புகாராகாது. வந்த எல்லாவற்றையும் போட ஆசிரியர் கடமைப்பட்டவர் அல்ல, சுருக்கவும் செய்யலாம். ஆனால் சர்ச்சைக்குரிய விஷயத்தில் கடிதப் பகுதியைத் திறந்துவிட்டால், ஆதரவும் எதிர்ப்பும் நியாயமான சமநிலையில் வர நேர்மையாக முயல வேண்டும் என்று நெறி சொல்கிறது. அந்தச் சர்ச்சை தொடங்கிய நாள் முதல் வெளியான கடிதங்களைத் தேதிவாரியாக வெட்டி ஒட்டி, ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று காட்டுங்கள். மாற்றுத் தரப்பில் கடிதம் அனுப்பிய 4, 5 பேரின் நகல்களையும் சேருங்கள். ‘எதிர்க் கடிதமே வரவில்லை’ என்ற பதிலுக்கு அதுதான் மறுமொழி.

தொலைக்காட்சி விவாதத்தில் நாலு பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். அவரையும் பேச விடுவதில்லை. (தஞ்சாவூர்)

பிரஸ் கவுன்சிலின் எல்லை அச்சுப் பத்திரிகையும் செய்தி நிறுவனமும்தான். தொலைக்காட்சிக்கு 2021-ல் திருத்தப்பட்ட கேபிள் விதிகளின் மூன்றடுக்கு முறை இருக்கிறது. முதலில் சேனலின் குறைதீர் அலுவலர். 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். எந்த அமைப்பு என்பது சேனலின் இணையதளத்தில் இருக்கும். பல பெரிய சேனல்களுக்கு அது செய்தி ஒளிபரப்பாளர்கள் அமைத்த என்பிடிஎஸ்ஏ. அங்கே 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் மத்திய அரசு. ஒளிபரப்பான 7 நாளுக்குள் முதல் புகாரை அனுப்பிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

‘நாலுக்கு ஒன்று’ என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. நிகழ்ச்சியைப் பதிவு செய்து, கடிகாரத்தை வைத்து ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் பேசினார்கள், நெறியாளர் யாரை எத்தனை முறை இடைமறித்தார், திரையின் அடியில் என்ன வாசகம் ஓடியது என்று நேரக் குறிப்போடு எழுதுங்கள். அடிவரி வாசகத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. கேள்விக்குறி இல்லாமல் ஒரு தரப்பின் குற்றச்சாட்டை உண்மை போல ஓடவிட்டிருந்தால், அதைச் சேனல் எழுதியது, விருந்தினர் மேல் பழி போட முடியாது. விருந்தினர் எல்லை மீறியபோது நெறியாளர் தடுத்தாரா, அவரே தூண்டினாரா என்பதும் முக்கியம். 2022-ல் கர்நாடக ஹிஜாப் விவகாரம் குறித்த விவாதத்துக்காக நியூஸ்18 இந்தியா ஹிந்தி சேனலுக்கு என்பிடிஎஸ்ஏ 50,000 ரூபாய் அபராதம் விதித்தது, ஹிஜாப் அணிய ஆதரவாகப் பேசிய விருந்தினர்களை நெறியாளர் பயங்கரவாதத் தலைவரோடு முடிச்சுப் போட்டதற்காக. அந்த அமைப்பின் உச்ச அபராதமான 1 லட்சம் ரூபாய் பயனற்றது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. எங்கள் எண்ணமும் அதுதான், ஒரு மாலை விளம்பர வருமானத்துக்கு முன்னால் அந்தத் தொகை ஒன்றுமேயில்லை.

தடுப்பூசியை எதிர்ப்பவரையும் ‘இருதரப்பும் பேசட்டும்’ என்று மருத்துவரோடு உட்கார வைக்கிறார்கள். இது நடுநிலையா? (வேலூர்)

இல்லை. கொள்கையில் இருதரப்பு உண்டு: தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா, இழப்பீடு எவ்வளவு என்பதில் எல்லாக் குரலும் வர வேண்டும். நிறுவப்பட்ட அறிவியல் உண்மைக்கு எதிர்த்தரப்பு என்று ஒரு நாற்காலி போடுவது, வாசகருக்கும் பார்வையாளருக்கும் பொய்யான படத்தைக் காட்டுவது. 2017 ஆகஸ்டில் பிபிசி வானொலியின் காலை நிகழ்ச்சியில் முன்னாள் நிதி அமைச்சர் நைஜல் லாசன், கடந்த பத்தாண்டில் உலகச் சராசரி வெப்பநிலை சற்றுக் குறைந்திருப்பதாகச் சொன்னார். நெறியாளர் மறுக்கவில்லை. ஒளிபரப்பு ஒழுங்காணையமான ஆஃப்காம், துல்லிய விதி மீறல் என்று 2018-ல் முடிவு செய்தது. லாசனை அழைத்தது குற்றமாகவில்லை. தவறான தகவலைத் திருத்தாமல் விட்டதுதான் குற்றம். உங்கள் புகாரிலும் ‘ஏன் அழைத்தீர்கள்’ என்பதை விட்டுவிட்டு, ‘இத்தனையாவது நிமிடம் இவர் இதைச் சொன்னார், நெறியாளர் திருத்தவில்லை, சரியான தகவல் இது’ என்று எழுதுங்கள்.

தலித், பழங்குடி, பெண் எழுத்தாளர்கள் கருத்துப் பக்கத்தில் தென்படுவதே அரிது. இதற்குப் புகார் செய்ய எந்த விதியும் இல்லையா? (விழுப்புரம்)

நேரடியான விதி இல்லை. ஆனால் இந்தத் தொகுப்பில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். ஒற்றைக் கட்டுரையில் தவறு எதுவும் இருக்காது, வருடக் கணக்கில் பார்த்தால்தான் அநியாயம் தெரியும். அதைக் காட்ட ஒரே வழி எண்ணுவது.

2019-ல் தொண்டு நிறுவனமான ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் செய்தித் தளமான நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து அப்படி எண்ணின. ஆய்வுக்கு எடுத்த ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. ஆங்கில நாளிதழ்க் கட்டுரைகளில் தலித், பழங்குடியினர் எழுதியவை 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. இந்த எண்களுக்குப் பிறகு ‘தகுதியானவர்கள் எழுதுகிறார்கள்’ என்று சொல்லிக் கடந்துபோக எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை.

நீங்களும் உங்கள் நாளிதழை எண்ணலாம். 3 மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த வாரச் செய்தி அதைச் சாய்த்துவிடும். ஒரு நோட்டில் தேதி, தலைப்பு, எழுதியவர், பொருள், அவருக்குப் பத்திரிகை கொடுத்த அறிமுகம். தலையங்கத்தைச் சேர்க்காதீர்கள், அது நிறுவனத்தின் குரல். மறுபிரசுரமாக வேறு பத்திரிகையிலிருந்து எடுத்தவற்றைத் தனிப் பத்தியில் வையுங்கள். பிபிசியில் 2017-ல் நெறியாளர் ராஸ் அட்கின்ஸ் தொடங்கிய, பெண்களுக்குச் சரிபாதி இடம் தரும் 50:50 முயற்சியில் ஒரு நல்ல விதி உண்டு: பிரதமர் பேசினால் பிரதமரைத்தான் காட்டியாக வேண்டும், அதை எண்ணாதே, உன் விருப்பத்தில் அழைக்கும் நிபுணர்களையும் எழுத்தாளர்களையும் மட்டும் எண்ணு. 39 சதவீதத்தில் தொடங்கிய அவர் நிகழ்ச்சியின் பெண் பங்கேற்பாளர் விகிதம் சில மாதங்களிலேயே பாதியைத் தொட்டது. தேர்வு செய்ய வாய்ப்புள்ள இடங்களை மட்டும் எண்ணியதால்தான் அங்கே யாரும் சாக்குச் சொல்ல முடியவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை. பெயரை வைத்துச் சாதியை ஊகிக்காதீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் சாதிப் பெயரைச் சேர்ப்பதில்லை, ஊகம் தவறும், ஒருவரின் அடையாளத்தை அவர் அனுமதியின்றிப் பொதுவில் வைப்பதும் சரியல்ல. பாலினம், ஊர், தொழில், ஒருவர் எத்தனை முறை திரும்ப வந்தார் என்பவற்றை எண்ணுங்கள். தூய்மைப் பணியாளர் பற்றி வந்த கட்டுரைகளில் எத்தனை அந்தப் பணியில் இருப்பவரோ அவர்கள் சங்கமோ எழுதியது, மீனவர் பிரச்சினையில் எத்தனை மீனவர் எழுதியது என்று பொருளை வைத்துப் பாருங்கள். அது யாரும் மறுக்க முடியாத கணக்கு. ஆசிரியருக்கு அனுப்பும்போது பட்டியலோடு, எழுதக்கூடிய 10 பேரின் பெயரும், அவர்கள் சம்மதமும், எந்தப் பொருளில் எழுதுவார்கள் என்பதும் இருக்கட்டும். வாசகர் புகார்களைக் கேட்கவென்றே ‘வாசகர் ஆசிரியர்’ உள்ள பத்திரிகை என்றால் அவருக்கும் நகல் அனுப்புங்கள். ‘தி இந்து’ 2006-ல் அப்படி ஒரு வாசகர் ஆசிரியரை நியமித்தது, இந்தியாவில் அது முன்னோடி.

பங்கு வாங்கச் சொல்லி எழுதுபவர் அதே நிறுவனத்தின் ஆலோசகர். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் புகழ்பாடும் ‘கட்டுரைகள்’ வேறு. (திருப்பூர்)

பங்குப் பரிந்துரை என்றால் பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபியின் 2014 ஆய்வாளர் விதிகள் உண்டு. ஊடகத்தில் பரிந்துரை சொல்பவர் தன் பதிவு நிலையையும் அந்தப் பங்கில் தனக்குள்ள பொருள் நலனையும் சொல்லியாக வேண்டும். செபியிடமும் பத்திரிகையிடமும் புகார் கொடுக்கலாம்.

தேர்தல் காலத்தில் காசு வாங்கிப் போட்ட செய்தி என்று சந்தேகித்தால், முதலில் போக வேண்டியது மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் இயங்கும் ஊடகச் சான்றிதழ் மற்றும் கண்காணிப்புக் குழு. அதன் பேரில் தேர்தல் நடத்தும் அலுவலர் 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ் தருவார், வேட்பாளர் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். நிரூபணமானால் அந்தத் தொகை அவர் செலவுக் கணக்கில் ஏறும். ஒரே வாசகம், ஒரே படம், வேறு வேறு நிருபர் பெயரில் இரண்டு பத்திரிகையில் வந்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். இதைவிட நல்ல சாட்சியம் கிடைப்பது கடினம்.

இணையதளத்தில் மட்டும் வந்த கட்டுரை என்றால்? (புதுச்சேரி)

2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் குறைதீர் அலுவலர், 15 நாள் கெடு என்று ஓர் அமைப்பைச் சொல்கின்றன. ஆனால் அதற்கு அடிப்படையான 9(1), 9(3) விதிகளைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே அந்தக் கெடுவைச் சட்டமாகக் காட்டி மிரட்ட வேண்டாம். அலுவலர் பெயர் தளத்தில் இருந்தால் எழுதுங்கள். கட்டுரையைத் தேதி தெரியும்படி சேமித்து வையுங்கள், சத்தமில்லாமல் வரியை மாற்றிவிட்டு ‘அப்படி எழுதவே இல்லை’ என்பார்கள். திருத்தம் கேட்கும்போது அதே பக்கத்தின் மேற்பகுதியில், மாற்றிய தேதியோடு போடச் சொல்லுங்கள்.

இலங்கையில் எங்களுக்கு என்ன வழி? (யாழ்ப்பாணம்)

1973-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பத்திரிகைப் பேரவை ஒன்று, பத்திரிகைத் துறையே 2003-ல் அமைத்துக்கொண்ட பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு மற்றொன்று. முன்னது தண்டனைப் பிரிவுகள் கொண்ட அரச அமைப்பு. கருத்துப் பக்கத்தில் திருத்தமும் பதிலுரிமையும் தேடுபவர்களுக்கு ஆணைக்குழுவே பொருத்தம் என்பது எங்கள் யோசனை. அங்கும் முதலில் ஆசிரியருக்கு எழுதிவிட்டுப் போங்கள்.

பிரஸ் கவுன்சில் பல்லில்லாத அமைப்பு என்கிறார்கள். பேசாமல் வழக்கே போட்டுவிடலாமா? (சென்னை)

1966-ல் தொடங்கி, நெருக்கடி நிலையில் கலைக்கப்பட்டு, 1978 சட்டத்தால் மீண்ட அமைப்பு அது. தலைவர் நீங்கலாக 28 உறுப்பினர்களில் 20 பேர் பத்திரிகை, செய்தி நிறுவனத் தரப்பினர். எச்சரிக்கலாம், கடிந்துரைக்கலாம், கண்டனம் தெரிவிக்கலாம், விசாரணை விவரத்தை அந்தப் பத்திரிகையிலேயே வெளியிடச் சொல்லலாம். அபராதம் போடும் அதிகாரம் இல்லை, இருக்க வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு வேண்டியது திருத்தமும் பதிவும் என்றால் இது செலவில்லாத வழி.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைக் கவுன்சில் விசாரிக்காது, சட்டத்தின் 14-ஆம் பிரிவு தடுக்கிறது. வக்கீல் நோட்டீஸ் வழக்கு ஆகாது. ஆனால் அது போன நாளிலிருந்து ஆசிரியர் பேசமாட்டார், அவர் வக்கீல்தான் பேசுவார். கிடைத்திருக்கக்கூடிய நாலு வரித் திருத்தமும் கிடைக்காமல் போகும். எழுத்துவழி அவதூறுக்கு உரிமையியல் வழக்குப் போட, வெளியான நாளிலிருந்து 1 ஆண்டு அவகாசம் உண்டு. கவுன்சில் விசாரணை நடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. பணநஷ்டமோ வேலைநஷ்டமோ நேர்ந்திருந்தால், 9-ஆம் மாதத்தில் ஒரு வக்கீலைப் பார்த்து, கவுன்சில் புகாரைத் தொடர்வதா, திரும்பப் பெற்று வழக்குக்குப் போவதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.